கார் பழக: டிரைவிங் ஸ்கூலா, மாமா வண்டியா?

பாளையம்பட்டியில் கார் பழக நினைப்பவருக்கு இரண்டு வழி உண்டு. அருப்புக்கோட்டையில் டிரைவிங் ஸ்கூலில் சேரலாம். மாமாவோ சித்தப்பாவோ வைத்திருக்கும் பழைய வண்டியிலும் பழகலாம். முதலில் ஸ்கூல், பிறகு மாமா வண்டி என்பதே என் கட்சி.

காரணம் பிரேக்தான். ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் காலடியிலும் பிரேக், கிளட்ச் இருக்கும். வீட்டு வண்டியில் ஆபத்து என்றால் மாமாவின் கைக்கு எட்டுவது ஹேண்ட்பிரேக் மட்டும்.

ஆனால் அந்த இரண்டாவது கிளட்சே ஆளைக் கெடுத்துவிடும். மாஸ்டரே மிதித்து மிதித்து விடுவார். பழகுபவர் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துவிட்டு, ஓட்டத் தெரிந்துவிட்டது என்று வீட்டுக்கு வருவார். பணம் கட்டும் முன் ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து மாஸ்டரின் காலைக் கவனியுங்கள். பெடலை விட்டுக் காலை விலக்கி வைத்திருப்பவரிடம் சேருங்கள். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்த உபயோகக் காருக்கு 21 நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டும். பின்சீட்டில் மூன்று பேர் முறைக்குக் காத்திருக்கும் வண்டியில் அது நடக்காது.

மாமா வண்டிக்கு வந்ததும் மதுரை–தூத்துக்குடி நாலுவழிச்சாலையில் ஏறிவிடாதீர்கள். லாரிகளின் வேகம் ஒரு பக்கம். டாப் கியரிலேயே போய்க்கொண்டிருந்தால் கிளட்ச் பழகாது என்பது இன்னொன்று. காய்ந்த பொட்டல்தான் சரியான இடம். மழைக்கு மறுநாள் மட்டும் கரிசலில் இறக்காதீர்கள், டயரில் மண் அப்பிக்கொள்ளும்.

அங்கே ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கம்மும், பானெட் லேசாக அதிரும். காலை அங்கேயே நிறுத்துங்கள். வண்டி தானாக நகரும். இந்த இடத்தைக் கால் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. டீசல் வண்டி இதில் தாராளம், சுலபத்தில் ஆஃப் ஆகாது. சின்னப் பெட்ரோல் வண்டி பொசுக்கென்று நின்றுவிடும். அதனாலேயே பழக அதுதான் நல்லது.

அடுத்தது கண்மாய்க் கரை ஏற்றம். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கிளட்சை அதே இடத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பிறகே ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். தேய்வது மாமாவின் கிளட்ச் பிளேட். திருச்சுழிப் பக்கத்து ரோடுகள் அதற்குப் பிறகுதான். சீமைக்கருவேல மறைவிலிருந்து ஆடு குறுக்கே வரும். அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே தானியம் காயும்.

கிளட்ச் பெடலே இல்லாத ஏஎம்டி வண்டியில் பழகினால் போதாதா? 2014இல் மாருதி செலேரியோவோடு அது நம் ஊர்களுக்கு வந்தது. லைசென்ஸும் ஒன்றேதான். ஆனால் ராத்திரியில் யாரையாவது மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், பக்கத்து வீட்டில் நிற்பது பெரும்பாலும் கியர் வண்டிதான்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். ஸ்கூல் முடிந்த கையோடு டெஸ்டுக்கு ஓடாமல், மீதி நாட்களில் ‘எல்’ போர்டோடு மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். மாமாவிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும்.