கேஸ் முடியும் வரை மாத்திரைக்குக் காசு?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகனின் கார் மீது இன்னொரு கார் மோதி, முதுகில் அடி என்று வைத்துக்கொள்வோம். மருந்து விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. நஷ்டஈட்டு வழக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகலாம். அதுவரை வலியைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?

இதற்கு அங்கே 'லியன்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. மருந்துக் கடை இன்றைக்குக் காசு கேட்காது. நோயாளியும் வக்கீலும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நஷ்டஈடு வந்ததும் வக்கீல் கடை பாக்கியை அடைத்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தருவார்.

'அட, இலவசமா!' என்று நினைத்துவிடாதீர்கள். இது கடன்தான். உதாரணமாக, 30,000 டாலர் வந்தால், வக்கீலுக்கு மூன்றில் ஒரு பங்கு 10,000, ஆஸ்பத்திரிக்கு 9,000, மருந்துக்கு 4,000 போக, மிஞ்சுவது 7,000தான்! வழக்கு தோற்றால், பெரும்பாலும் பாக்கி நோயாளி தலையில்தான் விழும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை:

1. தோற்றால் யார் கட்டுவது?

2. ரொக்கத்துக்கு வாங்கினால் விலை குறையுமா?

3. ஹெல்த் இன்ஷூரன்ஸிலோ கார் இன்ஷூரன்ஸிலோ இந்த மருந்து கிடைக்குமா?

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். காசுக்குப் பயந்து, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். உடம்பும் கெடும், 'வலி சரியாயிடுச்சு போல' என்று எதிர்த்தரப்பு வாதாடவும் வழியாகிவிடும்.