நிழலில் ஒரு தகப்பன்

கேள்வி: பெற்ற மகன்களுக்கே மரண தண்டனை விதித்த ரோமானியரைப் பற்றிய ஓவியம் ஒன்று உண்டாமே? அதில் என்ன விசேஷம்?

பதில்: பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி தாவீத் 1789-இல் வரைந்த 'புரூட்டஸ்' ஓவியத்தைக் கேட்கிறீர்கள். (சீசரைக் குத்திய புரூட்டஸ் அல்ல. இவர் அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவர்.) மன்னன் டார்குவினை விரட்டி ரோமில் குடியரசை நிறுவியவர் என்பது மரபுக்கதை. அந்த மன்னனையே திரும்பக் கொண்டுவரச் சதி செய்து மாட்டிக்கொண்டார்கள் புரூட்டஸின் இரு மகன்கள். தீர்ப்புச் சொன்னது அப்பா.

தாவீத் தலைவெட்டும் காட்சியை வரையவில்லை. உடல்கள் வீட்டுக்கு வரும் நேரத்தைப் பிடித்தார். இடது ஓரத்தில், ரோமா தேவி சிலையின் நிழலில், உடல்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார் புரூட்டஸ். முகம் கல். ஆனால் கால்களைக் கவனியுங்கள்: ஒன்றோடொன்று பின்னி முறுக்கேறிக் கிடக்கின்றன. வெளிச்சமெல்லாம் வலப்பக்கம், கதறும் தாய் மீதும் மகள்கள் மீதும். நடுவே மேஜையில், பாதியில் விட்ட தையல் வேலையோடு ஒரு கூடை. என்னைக் கேட்டால், ஓவியத்தின் உயிர் அந்தக் கூடைதான்.

வேடிக்கை என்னவென்றால், இதை வரையச் சொன்னது பிரெஞ்சு அரசவை. பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டீல் சிறை வீழ்ந்த அதே ஆண்டு கண்காட்சிக்கு வந்ததால், முடியாட்சியை வெறுத்தவர்கள் இதைத் தங்கள் ஓவியமாக்கிக்கொண்டார்கள். தாவீதும் பின்னாளில் பிரெஞ்சு மன்னர் 16-ஆம் லூயியின் மரண தண்டனைக்கு ஆதரவாக வாக்களித்தார். ஓவியம் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.