பாதத்து மூட்டுக்கு வெளிப்பூச்சு

முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவதற்கு நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த முழங்காலையும் அதற்கு மேலுள்ள சரீரம் முழுவதையும் தாங்கி நிற்கிற பாதத்தின் மூட்டுகள் தேய்ந்து நோகும்போது, அதை ஒரு வியாதியாக மதித்து முறையான சிகிச்சை தேடுகிறவர்கள் மிகச் சிலரே. ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் அமைந்திருக்கின்றன. இவற்றுள் தேய்மானத்துக்கு அடிக்கடி இலக்காவது பெருவிரலின் அடிமூட்டு. அதற்கு அடுத்தபடியாக, பாதத்தின் மேல்வளைவில் செருப்பு வார் அழுத்துகிற இடத்திலுள்ள நடுமூட்டுகள். உத்தியோக காலம் முழுவதையும் வகுப்பறைகளின் கல்தரையில் நின்றே கழித்த எனக்கு, ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் வலது பெருவிரலின் அடியில் எலும்பு புடைத்து, விரல் மேல்நோக்கி மடங்க மறுத்து, படியேறும்போதும் குந்தி உட்கார்ந்து எழும்போதும் வேதனை தரத் தொடங்கிற்று. இளமையிலேயே குடற்புண்ணால் அவதிப்பட்டவனாகையால், வலி மாத்திரைகளை நெடுநாள் விழுங்குவது எனக்கு உசிதமல்ல என்று வைத்தியர் தீர்மானித்தார். அதனால்தான் வெளிப்பூச்சு மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் சிரத்தையோடு அறிந்துகொள்ளும் அவசியம் எனக்கு ஏற்பட்டது.

எந்தப் பூச்சு நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நோவது தேய்ந்த மூட்டுதானா என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இரவோடு இரவாகப் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாதபடி வலித்தால், அது யூரிக் அமிலத்தால் உண்டாகும் கௌட் என்னும் வாத நோயாக இருக்கக்கூடும். அதற்குரிய மருந்தே வேறு. இரண்டு பாதங்களிலும் எரிச்சலும் மரத்துப்போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சியும் இருந்தால், மூட்டைவிட நரம்பையும் சர்க்கரையையும் முதலில் சோதித்துப் பார்ப்பது விவேகம். காய்ச்சலோடு கூடிய வீக்கம், சீழ், ஆறாத புண் இவை இருந்தால் களிம்பைத் தேடி மருந்துக்கடைக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு ஓர் எக்ஸ்ரே படமே விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டது. தேய்ந்துபோன குருத்தெலும்பை எந்தத் தைலமும் திரும்ப வளர்த்துவிடாது என்பதையும், வலியைத் தணித்து நடமாட்டத்தைக் காப்பாற்றுவதே பூச்சின் பிரயோஜனம் என்பதையும் வைத்தியர் அன்றே சொல்லிவிட்டார். இடுப்பு மூட்டைப் போல ஆழத்தில் கிடக்கும் மூட்டுக்கு வெளிப்பூச்சு போய்ச் சேர்வதில்லை. பாதத்தின் மூட்டுகளோ தோலுக்கு மிகச் சமீபத்தில் இருப்பதால், பூசுவதில் அர்த்தம் உண்டு.

கடையில் வண்ண வண்ணமாய் அடுக்கி வைத்திருக்கும் டியூப்களும் புட்டிகளும் பலவானாலும், பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படித்தால் அவை பெரும்பாலும் மூன்று வம்சங்களுக்குள் அடங்கிவிடும். முதலாவது, கற்பூரம், மென்தால், மீதைல் சாலிசிலேட் ஆகியவற்றால் ஆன தைலங்களும் பாம்களும். காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893-இல் பம்பாயில் ஆரம்பித்த அமிர்தாஞ்சனம் முதற்கொண்டு, நம் வீட்டு அலமாரிகளில் தலைமுறை தலைமுறையாக இடம் பெற்றிருப்பவை இந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. தோலிலுள்ள குளிர், சூட்டு உணர்ச்சி நரம்புகளைத் தூண்டி, அந்த உணர்ச்சியால் உள்ளே இருக்கும் வலியை மறக்கச் செய்வது இவற்றின் பிரதான வேலை. பூசியவுடன் சுகம் தெரியும், சீக்கிரமே மறையும். ராத்திரி படுக்கும்போது கொஞ்சம் நிம்மதியாகக் கண்ணயர வேண்டுமென்றால் இது போதும். ஆனால் காந்தல் அதிகமாக அதிகமாகக் குணமும் அதிகம் என்று நம்மவர்கள் கொண்டிருக்கும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. இத்தகைய பூச்சுகளால் சிலருக்குத் தோல் வெந்து கொப்புளித்ததை முன்னிட்டு, 2012-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களை எச்சரித்தது. பூசிய இடத்தின்மேல் வெந்நீர்ப் பையையோ இறுக்கமான கட்டையோ வைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

நீலகிரிக்குப் போகிறவர்கள் யூகலிப்டஸ் தைலத்தோடு விண்டர்கிரீன் தைலத்தையும் வாங்கி வருவது வழக்கமாகையால், இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விண்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுவதும் மீதைல் சாலிசிலேட்டே. ஆஸ்பிரினுக்கு அது நெருங்கிய உறவு. அதில் ஒரு தேக்கரண்டியளவு, அதாவது 5 மில்லி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கு மேற்பட்டவற்றுக்குச் சமானம். குழந்தை எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டிய வஸ்து அது. பெரியவர்களுக்கும் அபாயம் இல்லாமல் இல்லை. இருதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வந்த என் தமக்கையார், கணுக்கால் வலிக்காக இத்தகைய தைலத்தைக் காலையும் மாலையும் தாராளமாகத் தேய்த்து வந்தார். கையிலும் தொடையிலும் காரணமில்லாமல் கன்றிப்போன நீலத் தடங்கள் தோன்றவே, ரத்தப் பரிசோதனை செய்தார்கள். உறையும் தன்மை அபாயகரமாகக் குறைந்திருந்தது. “அக்கா, மாத்திரை ஏதாவது புதிதாகச் சாப்பிட்டீர்களா?” என்று நான் கேட்டபோது, “ஒன்றும் இல்லையடா, தைலம் மட்டும்தான்” என்று அவர் சொன்னார். தோலில் பூசுவது தோலோடு நின்றுவிடும் என்ற எண்ணம் எவ்வளவு பேரிடம் வேரூன்றியிருக்கிறது என்பதை நான் அப்போது உணர்ந்தேன்.

இரண்டாவது வம்சம் டைக்ளோஃபெனாக் போன்ற வீக்கமடக்கி மருந்துகள் சேர்ந்த ஜெல்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு வைத்தியர்கள் முதலில் சிபாரிசு செய்வது இதையே. எனக்கும் இதுவே வாய்த்தது. இதே மருந்தை மாத்திரையாக விழுங்கும்போது ரத்தத்தில் சேரும் அளவோடு ஒப்பிட்டால், ஒரு மூட்டில் முறைப்படி பூசும்போது சேர்வது சுமார் 6 சதவீதம்தான். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த அளவுக்குப் பாதுகாப்பு. ஆனால் நம்மவர்களில் பெரும்பாலோர் பட்டாணி அளவு எடுத்து, வலிக்கும்போது மட்டும் தடவிவிட்டு, “இந்த ஜெல்லில் ஒன்றும் இல்லை” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லோடு அளவுகாட்டும் அட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பாதத்துக்கு வேளைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு வேளை என்பது அதன் விதி. அந்தக் கணக்கில் 30 கிராம் டியூப் ஒன்று இரண்டு நாளைக்குக்கூட வராது. எனக்கு ஒரே ஒரு மூட்டுக்கு மட்டும் தேவைப்பட்டதால் வேளைக்கு 2 கிராம், நாளைக்கு மூன்று வேளை என்று வைத்தியர் வகுத்துக் கொடுத்தார். சுட்டுவிரலின் கடைசி ரேகையிலிருந்து நுனி வரை பிதுக்கி வைத்தால் ஏறத்தாழ அரை கிராம் என்று கணக்கு வைத்துக்கொண்டால், தராசு தேவையில்லை. முழுப் பலன் தெரிய ஒரு வாரம் வரை ஆகலாம். வைத்தியர் மேற்பார்வையில்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் தொடரலாகாது.

இதன் சக்தியை மிகைப்படுத்திச் சொல்லவும் நான் விரும்பவில்லை. மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் டைக்ளோஃபெனாக் பூசிக்கொண்ட பத்துப் பேரில் சுமார் ஆறு பேருக்கு வலி பெருமளவு குறைந்தது. மருந்தில்லாத வெறும் களிம்பைப் பூசிக்கொண்டவர்களிலோ பத்துக்கு ஐந்து பேருக்கு அதே நன்மை கிடைத்தது. அந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் முழங்காலில் நடந்தவை. வெறும் களிம்புக்கும் இவ்வளவு பலன் இருப்பதால், தடவி நீவிவிடும் கையின் பங்கும், காலம் செல்லச் செல்ல வலி தானே ஏறி இறங்கும் இயல்பின் பங்கும் இதில் கணிசமானவை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குக் கண்ட பலன் மிதமானது: வலி அடியோடு போகவில்லை, காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது இருந்த கடுமை குறைந்தது, கடைத்தெருவரை போய் வர முடிந்தது. மாத்திரை இல்லாமல் இவ்வளவு கிடைப்பதே பெரிய லாபம் என்பது என் அபிப்பிராயம்.

பாதம் என்ற இடத்துக்கே உரிய சில விசேஷங்கள் உண்டு; இவற்றை எந்த டியூபின் உறையிலும் நான் கண்டதில்லை. உள்ளங்காலின் தோல் மிகத் தடித்தது. ஹைட்ரோகார்டிசோன் என்ற மருந்தை வைத்து 1967-இல் நடந்த ஒரு பிரசித்தமான பரிசோதனையில், முன்கைத் தோல் உறிஞ்சியதில் ஏழில் ஒரு பங்கையே உள்ளங்கால் உறிஞ்சியது. பெருவிரல் மூட்டும் நடுப்பாத மூட்டுகளும் மேற்புறத்தில்தான் தோலுக்கு அருகில் இருக்கின்றன. அங்கே தாராளமாகப் பூசுவது நல்லது. விரலிடுக்குகளில் பூசி ஈரத்தைத் தங்கவிட்டால் தோல் ஊறிப் புண்ணாகிவிடும். வெளியே போய் வந்ததும் கால் கழுவுகிற நல்ல வழக்கம் நம் வீடுகளில் இருப்பதால், பூசியதைக் கழுவிவிடாமலிருக்க நேரத்தை யோசித்து வகுத்துக்கொள்ள வேண்டும்: கழுவித் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் பூசி, குறைந்தது ஒரு மணி நேரம் தண்ணீர் படாமலும், பத்து நிமிஷம் காலுறை போடாமலும் இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, களிம்பு பூசிய காலோடு வழவழப்பான தரையில் நடக்கவே கூடாது. வலி தீர்க்க வந்த மருந்தால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட முதியவர் ஒருவரை எங்கள் தெருவிலேயே நான் அறிவேன். கட்டிலில் அமர்ந்து பூசி, அது உறிஞ்சப்படும்வரை காலை நீட்டிக்கொண்டு ஏதேனும் படித்துக்கொண்டிருப்பது என் பழக்கம்.

மூன்றாவது வம்சம் மிளகாயின் காரச் சத்தான காப்சைசின் சேர்ந்த களிம்பு. உஷ்ணத்தையும் காரத்தையும் ஒருங்கே உணரும் நரம்பு வாயிலை இந்தச் சத்தைக் கொண்டே 1997-இல் டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் கண்டறிந்தார்கள். அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. 0.025 அல்லது 0.075 சதவீத வலிமையில் விற்கும் இக்களிம்பை நாள்தோறும் மூன்று நான்கு வேளை விடாமல் பூசி வந்தால்தான் அந்த நரம்புகள் களைத்து அடங்கும். அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் சில தினங்கள் எரிச்சல் நிச்சயம். வலிக்கும்போது மட்டும் பூசுகிறவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். கையுறை அணிந்து பூச வேண்டும். வெந்நீர்க் குளியலுக்கு முன்னும் பின்னும் பூசலாகாது. டைக்ளோஃபெனாக் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஒரு மார்க்கம்.

சித்த வைத்தியத் தைலங்களை விட்டுவிட்டேன் என்று சிலர் குறைப்படலாம். வாதகேசரித் தைலத்தை இளஞ்சூடாகக் கெண்டைக்காலிலும் பாதத்திலும் தேய்த்து நீவுவதில் எனக்கும் பிரியம் உண்டு. இறுகிய தசைகளுக்கு அது இதம் தருவது பிரத்தியட்சம். ஆனால் ஜெல் பூசிய இடத்தில் அதே வேளையில் தைலத்தையும் தேய்ப்பதில்லை. இரண்டுக்கும் வெவ்வேறு வேளை. ஒரே சமயத்தில் பலவற்றைப் பூசினால், எது பலித்தது, எது தோலைக் கெடுத்தது என்று அறிய வழியில்லை. டைக்ளோஃபெனாக்கும் மீதைல் சாலிசிலேட்டும் மென்தாலும் ஒரே டியூபில் கலந்து விற்கும் தயாரிப்புகளும் உண்டு. அதன்மேல் வேறொரு பாமையும் தடவுகிறவர் ஒரே மருந்தை இருமுறை பூசிக்கொள்கிறார்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் காந்தல் தரும் எந்தப் பூச்சையும், சூட்டு ஒத்தடத்தையும் தவிர்க்க வேண்டும். வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. ஆஸ்பிரினால் இழுப்பு வருகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் டைக்ளோஃபெனாக் ஜெல்லையும் வைத்தியரைக் கேட்டே பூச வேண்டும்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெருவிரல் மூட்டு தேய்ந்தவர்கள் மடங்கி வளையும் மெல்லிய செருப்பை அணிந்தால், ஒவ்வோர் அடியிலும் அந்த மூட்டை மடக்கி நோகச் செய்கிறார்கள். மேலே எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பரும் கீழே வளையாத கெட்டி அடியும் கொண்ட செருப்பை வீட்டுக்குள்ளும் அணியத் தொடங்கியபின், எனக்கு ஜெல்லின் தேவையே பாதியாகக் குறைந்துவிட்டது.

மூட்டு வலிக்காக எதையேனும் பூசிக்கொண்டிருக்கும் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: அடுத்த முறை வைத்தியரைப் பார்க்கப் போகும்போது, விழுங்கும் மாத்திரைச் சீட்டுகளோடு, பூசும் டியூபையும் தைலப் புட்டியையும் அதே பையில் எடுத்துச் சென்று அவரிடம் காட்டுங்கள்.