கொண்டாடப்பட்ட இரண்டாம் பாகத்தின் குறைகள்

கேள்வி: ‘மாஸ் எஃபெக்ட் 2’ வீடியோ விளையாட்டைப் பலரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதில் குறையே இல்லையா?

பதில்: கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2010 ஜனவரியில் வெளியான இந்த விளையாட்டின் மீது முக்கியமாக மூன்று குறைகள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, ரோல்-பிளேயிங் அம்சங்களின் சுருக்கம். முதல் பாகத்தில் இருந்த, பொருட்களைச் சேர்த்து வைக்கும் பை நீக்கப்பட்டது. திறன்களின் எண்ணிக்கையும் குறைந்தது. துப்பாக்கிச் சண்டையே ஓங்கி நின்றது.

இரண்டாவது, கனிமத் தேடல். கிரகத்தின் மேல் ஸ்கேனரை மெல்ல நகர்த்தி, வரைபடக் கோடு எகிறும் இடத்தில் ஆய்வுக்கலத்தை ஏவ வேண்டும். ஆயுதங்களையும் கப்பலையும் மேம்படுத்த இது தேவை என்பதால், அலுப்பூட்டினாலும் தவிர்ப்பது கடினம்.

மூன்றாவது, கதை. கூட்டாளிகளின் தனிக்கதைகள் மனதைத் தொட்டாலும், எதிரி இயந்திரங்களான ரீப்பர்களுடனான மையப் போராட்டம் அதிகம் முன்னேறவில்லை. நாயகன் ஷெப்பர்ட் இறந்து மீண்டு, முன்பு எதிர்த்த செர்பரஸ் அமைப்புக்கே வேலை செய்வதையும் விளையாடுபவர் மறுக்க வழியில்லை. இறுதியில் வரும் மனித வடிவ ரீப்பர் பலருக்குக் கேலிப்பொருளாகவே பட்டது.

இக்குறைகளில் சிலவற்றைச் சரிசெய்யும் விதமாக, 2012-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஆயுதங்களை மாற்றியமைக்கும் வசதி திரும்பியது. கனிமத் தேடல் கைவிடப்பட்டது.