நகரமைப்பும் பொது சுகாதாரமும்: நம் பிள்ளைகளுக்கு ஒரு மேற்படிப்பு

பரீட்சை முடிவுகள் வரும் மாதங்களில் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: மருத்துவமா, பொறியியலா? இரண்டும் கிடைக்காவிட்டால் வீடே களையிழந்துவிடுகிறது. எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு பெண், இரண்டு முறை 'நீட்' எழுதியும் இடம் கிடைக்காமல், பூகோளம் படித்துப் பட்டம் பெற்றாள். சென்ற மாதம் என்னிடம் வந்து, "மாமா, ஜனங்க ஆரோக்கியத்துக்கு ஏதாவது செய்யணும்னுதான் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டேன். இனிமே அதுக்கு வழியே இல்லையா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

வழி உண்டு. அதற்கு நாம் வாழும் கல்கத்தாவே சாட்சி.

1884-ல் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் இந்நகரில்தான் காலராக் கிருமியை ஆராய்ந்து, குளத்து நீரிலும் அது இருப்பதைக் கண்டார். 1959-ல் இங்கேயே சம்புநாத் டே, அக்கிருமி வெளிவிடும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று நிரூபித்தார். கிருமி தெரிந்தது, நஞ்சும் தெரிந்தது. காலரா மட்டும் போகவில்லை. அதே 1959-ல் இங்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, மாநகர் முழுவதற்கும் குடிநீரையும் கழிவுநீரையும் சேர்த்துத் திட்டமிடவேண்டும் என்றது. 1961-ல் கல்கத்தா மாநகரத் திட்ட அமைப்பு (சி.எம்.பி.ஓ.) பிறந்தது. அது 1966-ல் 20 ஆண்டுகளுக்கான அடிப்படை வளர்ச்சித் திட்டத்தை வெளியிட்டது. 1970-ல் சி.எம்.டி.ஏ. அமைந்தபின் பஸ்திகளில் குழாய், கழிப்பிடம், வடிகால், விளக்கு எனப் பணிகள் நடந்தன. ஆக, ஒரு நோய்தான் இந்நகரைத் திட்டமிட வைத்தது.

மருத்துவத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1971-ல் வங்காள அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். சாவு விகிதம் சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் பிழைத்த குழந்தை மறுபடி அதே அசுத்த நீரைக் குடித்தால் என்ன செய்வது?

என் அனுபவம் ஒன்று. நான் குடிநீர்த் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பஸ்தியில் குழாய்கள் போட்டு, எண்ணிக்கையைப் பெருமையோடு எழுதிக் கொடுத்தேன். சில மாதம் கழித்து அங்கிருந்த ஒரு மூதாட்டி, "குழாய் வந்தது, பிள்ளைகளுக்குப் பேதி நிற்கவில்லையே, ஏன்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் பார்த்தேன்: குழாய் சாக்கடைக்குள் ஓடியது. தண்ணீர் வருவதோ சில மணி நேரம்தான். அழுத்தம் நின்றதும் இணைப்பின் விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்பட்டது. எந்த வீட்டில் பேதி என்பது மருத்துவரின் பதிவேட்டில் இருந்தது. குழாய் போகும் வழி என் வரைபடத்தில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதே இந்தப் படிப்பு. நோய் யாருக்கு, எங்கே, எப்போது வருகிறது என்று கணக்கிடுவது பொது சுகாதாரம். வீடு, தண்ணீர், வடிகால், சாலை, பூங்கா எங்கே எப்படி அமையவேண்டும் என்று தீர்மானிப்பது நகரமைப்பு. அமெரிக்காவில் பெர்க்லி, வட கரோலினா போன்ற பல்கலைக்கழகங்களில் இரண்டு முதுகலைப் பட்டங்களையும் இணைத்தே படிக்கலாம். நம் நாட்டில் பெரும்பாலும் இவை தனித்தனித் துறைகள். ஒன்றில் பட்டம் பெற்று, ஆய்வேட்டை மற்றதில் அமைத்துக்கொள்ளலாம். நகரமைப்புக்கு சிப்பூர், காரக்பூர், சென்னை அண்ணா பல்கலைக்கழகம். பொது சுகாதாரத்துக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், மும்பை டாடா சமூக அறிவியல் நிலையம் ஆகியவற்றை விசாரிக்கலாம். 1932-ல் தொடங்கிய அகில இந்திய சுகாதார, பொதுநலக் கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது. மருத்துவர் அல்லாதார்க்கும் இடமுண்டா, எந்தப் பட்டம் வேண்டும் என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். அவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்கவும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. டாக்டருக்குக் கிடைக்கும் வருமானமும் மரியாதையும் இதில் உடனே வராது. முதல் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலையாகவும் இருக்கலாம். மாநகராட்சிகள், ஆய்வு நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள், 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் ஆகியவை இப்படிப்புக்கு ஏற்ற களங்கள்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் தெருவின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். குழாய், சாக்கடை, குப்பைத் தொட்டி, மழையில் நீர் தேங்கும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு பத்து வீடுகளில், ஒப்புதல் கேட்டு, சென்ற மழைக்காலத்தில் யாருக்கேனும் பேதியோ டெங்குவோ வந்ததா என்று விசாரித்துப் புள்ளி வையுங்கள். பெயர் எழுத வேண்டாம். புள்ளிகள் எதன் அருகே கூடுகின்றன என்று பாருங்கள். பத்து வீட்டை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் சரியான கேள்வி பிறக்கும்.

அந்தப் பெண் சென்ற ஞாயிறு தன் படத்தோடு வந்தாள். நான்கு புள்ளிகள், மூன்று ஒரே மூலையில். "மாமா, இங்கே குழாய் எப்படிப் போறதுன்னு யாரைக் கேட்கணும்?" என்றாள். ஐம்பது ஆண்டுக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவள் தந்தையும் அருகில் அமர்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.