போலிப் பகிர்வு: நான்கு கருக்களும் ஒரு வரியும்



உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்ற நாட்களில், "முறைவழியாக்கியில் கருக்கள் கூடினால் வேகமும் கூடும்" என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளியும் பெற்றவள் நான். அவ்விடை அரைவாசிதான் சரி என்பதைப் பல்கலைக்கழக இறுதியாண்டுச் செயற்றிட்டம் எனக்குக் கற்றுத் தந்தது.

நானும் என் தோழியும் வலையமைப்புப் பொதிகளைக் கையாளும் மென்பொருளொன்றை ஆக்கினோம். வந்து சேரும் ஒவ்வொரு பொதியின் தலைப்பையும் வாசித்து, அது செல்லவேண்டிய வழியைத் தீர்மானித்து அனுப்புவதே அதன் வேலை. வழி தேடும் அட்டவணையைத் தோழி எழுதினாள். எத்தனை பொதிகள் வந்தன, எத்தனை கைவிடப்பட்டன என்று எண்ணும் சிறு பகுதியை நான் எழுதினேன். ஒரு கருவில் மென்பொருள் நன்றாகவே ஓடியது. நான்கு கருக்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தபோது நான்கு மடங்கு வேகத்தை எதிர்பார்த்தோம். இரண்டு மடங்குகூடக் கிடைக்கவில்லை. செயற்றிட்டத்தை முன்வைக்க ஒரு வாரமே இருந்தது. "உன்னுடைய அட்டவணையில்தான் பிழை" என்று நான் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு இரவுகள் கண்விழித்து அதைத் திருத்தி எழுதினாள். வேகம் அசையவேயில்லை.

பொதி கையாளும் மென்பொருளுக்கு நேரம் எவ்வளவு அருமையானது என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஈதர்நெட்டின் மிகச் சிறிய சட்டகம் 64 பைற்றுக்கள். அதற்கு முன்வரும் 8 பைற்றுக்களையும், அடுத்த சட்டகத்துக்கு முன் விடவேண்டிய 12 பைற்று இடைவெளியையும் சேர்த்தால் 84 பைற்றுக்கள், அதாவது 672 பிற்றுக்கள். செக்கனுக்கு 10 கிகாபிற்று செல்லும் இணைப்பில் இதற்கு 67.2 நனோசெக்கன் போதும். செக்கனொன்றில் ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம் பொதிகள் வரலாம். 3 கிகாஹேட்ஸ் வேகமுள்ள ஒரு கரு தனியே அவற்றைக் கையாள்வதாயின், பொதியொன்றுக்கு அதனிடம் இருப்பது சுமார் 200 கடிகாரச் சுற்றுக்களே.

இனி, ‘கேஷ்’ என்று பலரும் அழைக்கும் பதுக்கு நினைவகத்துக்கு வருவோம். பிரதான நினைவகம் தொலைவில் இருப்பதால், ஒவ்வொரு கருவும் தனக்கு அருகில் சிறிய பதுக்கு நினைவகமொன்றை வைத்திருக்கிறது. அதிலிருந்து ஒரு பெறுமானத்தை எடுக்கச் சில சுற்றுக்களே செல்லும். ஆனால் பதுக்கு நினைவகம் தரவைத் தனித்தனி மாறிகளாகக் கொண்டுவருவதில்லை. வரி வரியாகவே கொண்டுவருகிறது. இன்றைய இன்டெல், ஏஎம்டி முறைவழியாக்கிகளில் ஒரு வரி 64 பைற்றுக்கள்.

ஒரே வரியின் பிரதிகளைப் பல கருக்கள் வாசிப்பதற்காக வைத்திருக்கலாம், அதில் சிக்கலில்லை. ஒரு கரு அதில் எழுத முனைந்தால், மற்றக் கருக்களிடமுள்ள பிரதிகள் செல்லுபடியற்றவையாக வேண்டும். இல்லாவிடின் ஒரே மாறிக்கு இரு பெறுமானங்கள் உலவும். இதற்கான விதிமுறைகளில் புகழ்பெற்றது ‘மெசி’. இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாப்பமார்க்கோஸ், பட்டேல் ஆகியோர் 1984இல் வெளியிட்டது. மாற்றப்பட்டது, தனியே உள்ளது, பகிரப்பட்டது, செல்லாதது என்னும் நான்கு நிலைகளுள் ஒன்றில் ஒவ்வொரு வரியும் இருக்கும்.

நமது வரவு இடாப்பை நினைத்துப் பாருங்கள். நான்கு வகுப்பாசிரியைகளுக்கும் சேர்த்து ஒரே தாளில் நான்கு கட்டங்கள் உள்ளன. ஒருவரின் கட்டத்தில் மற்றவர் எழுதுவதேயில்லை. ஆயினும் ஒரு மாணவி உள்ளே வரும்போதெல்லாம் ஓர் அடையாளமிட, முழுத்தாளும் அந்த ஆசிரியையின் மேசைக்கு வரவேண்டும். தாள் வகுப்புக்கு வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும், ஆசிரியைகள் காத்துக்கொண்டிருப்பார்கள். கணினியில் இதனையே ‘போலிப் பகிர்வு’ என்கிறோம். உண்மையில் எவரும் எதையும் பகிரவில்லை. தாள்தான் ஒன்றாக இருக்கிறது.

எங்கள் விரிவுரையாளர், "ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள்" என்றார். லினக்ஸிலுள்ள ‘பேர்ஃப்’ என்னும் கருவிக்கு, கருக்களிடையே அலையும் பதுக்கு வரிகளைக் காட்டும் ஆற்றல் உண்டு. அதை ஓடவிட்டோம். பட்டியலின் உச்சியில் நின்றது தோழியின் அட்டவணையன்று, என்னுடைய எண்ணிகள். ஒரு கருவுக்கு இரண்டு எண்ணிகள், ஒவ்வொன்றும் 8 பைற்றுக்கள். நான்கு கருக்களுக்கும் சரியாக 64 பைற்றுக்கள். அழகாக இருக்கட்டும் என்று நான் அடுத்தடுத்து அடுக்கியவை முழுவதும் ஒரே வரியில் அமர்ந்திருந்தன. பொதியொன்று வரும்போதெல்லாம் அந்த வரி ஒரு கருவிலிருந்து இன்னொன்றுக்கு இழுபட்டது. அப்படி ஒருமுறை இழுபடப் பல பத்து நனோசெக்கன்கள் செலவாகலாம்.

திருத்தம் எளியது. ஒவ்வொரு கருவின் 16 பைற்றுக்களுக்கும் பின்னால் 48 வெற்றுப் பைற்றுக்களைச் சேர்த்து, தொகுதியை 64இன் மடங்கான முகவரியில் தொடங்கச் செய்தேன். தொடக்கம் பிசகினால் ஒரு கருவின் எண்ணிகள் இரு வரிகளில் சிதறி, அயல் கருவின் எண்ணிகளோடு மீண்டும் கலக்கக்கூடும். மொத்தம் 256 பைற்றுக்கள், நான்கு தாள்கள். முழுத்தொகை தேவைப்படும் வேளையில் மட்டும் நான்கையும் கூட்டினால் போதும். அன்று மாலையே மென்பொருள் நான்கு மடங்கை நெருங்கியது.

இதிலிருந்து மேலும் மூன்று பாடங்கள் கற்றேன். முதலாவது, எல்லோரும் வாசிக்க மட்டும் செய்யும் மாறியை, அடிக்கடி எழுதப்படும் மாறிக்கு அருகில் வைக்கலாகாது. வாசிப்பவரும் காத்திருக்க நேரும். இரண்டாவது, எல்லாக் கருக்களும் ஒரே எண்ணியைக் கூட்டுமானால் அது உண்மைப் பகிர்வு. அங்கே வெற்றிடம் உதவாது, கருவுக்கொரு எண்ணியே வேண்டும். மூன்றாவது, வேலையைப் பிரிக்கும் முறையும் முக்கியம். முகவரிகளையும் வாயில் எண்களையும் கொண்டு கணித்து, ஒரே உரையாடலின் பொதிகளை ஒரே கருவுக்கு அனுப்பும் வசதி இன்றைய வலையமைப்பு அட்டைகள் பலவற்றில் உண்டு. அதனால் அவ்வுரையாடலின் விபரங்கள் கருவுக்குக் கரு அலையமாட்டா. ஆனால் எல்லா மாறிகளுக்கும் வெற்றிடம் கொடுப்பதும் தவறே. பதுக்கு நினைவகம் சிறியது, வீணே நிரம்பிவிடும்.

அன்றிரவு தோழியிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். "ரெண்டு ராத்திரி நித்திரை போச்சு. ஆனாலும் அட்டவணை முந்தியவிட நல்லா வந்திருக்குத்தானே" என்று சிரித்தாள். அடுத்த நாள் முன்வைப்பில், பிழை எங்கே இருந்தது என்று நடுவர்கள் கேட்டபோது, "என்னுடைய பகுதியில்" என்று நானே முதலில் விடையளித்தேன்.