தேரோட்டியின் வேலை: பயிற்றுநர் கே. ராஜகோபாலிடம் கற்கும் பாடம்

இந்த மாதப் பாடம் ஒரு காற்பந்துப் பயிற்றுநரைப் பற்றியது. சமய வகுப்பில் காற்பந்து எதற்குன்னு சிலர் கேட்கலாம். பாசிர் பெனம்பாங்கிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும், கோயிலை விட்டால் நம்ம பசங்களை ஒண்ணா பார்க்கிற இடம் திடல்தான். அணி தோத்துட்டா அங்கே என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும். முதல்ல கோல் காவலர் மேல பழி, அடுத்து தற்காப்பு ஆட்டக்காரர் மேல பழி. அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டாங்க. ஒரே தோல்வியில் அணி கலைந்துவிடும். அதனால்தான் இந்தப் பாடம்.

1. யார் இவர்?

கே. ராஜகோபால் 1956-இல் கோலாலம்பூர், செத்தாப்பாக்கில் பிறந்தவர். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் தாக்குதல் வரிசையில் ஆடியவர். பிறகு பயிற்றுநர் ஆனார். 2009 ஜனவரியில் நம் தேசிய அணி ஐக்கிய அரபு சிற்றரசிடம் 5-0 எனத் தோற்றது. அந்த ஆண்டுதான் தேசிய அணி இவர் கைக்கு வந்தது. பெரிய பெயர்களைத் தேடாமல், 23 வயதுக்கு உட்பட்ட பசங்களை நம்பினார்.

2. ஒரே எதிரி, இரண்டு முறை

2009 டிசம்பர், லாவோஸ் சீ விளையாட்டு. பிரிவு ஆட்டத்தில் வியட்நாமிடம் 3-1 எனத் தோற்றோம். இறுதியாட்டத்தில் அதே வியட்நாம் எதிரே நின்றது. இந்த முறை 1-0 என நாம் வென்றோம். 1989-க்குப் பிறகு, 20 ஆண்டு கழித்துக் கிடைத்த தங்கம்.

அடுத்த ஆண்டு ஆசியான் சுசுகி கிண்ணம். 2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியா நம்மை 5-1 என வென்றது. நம்ம தோட்டத்து அணியா இருந்தா, அன்னைக்கு ராத்திரியே கலைஞ்சிருக்கும்!

அதே இந்தோனேசியாவை இறுதியாட்டத்தில் மீண்டும் சந்தித்தோம். டிசம்பர் 26, புக்கிட் ஜாலிலில் 3-0 வெற்றி. 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் 2-1 எனத் தோற்றாலும், மொத்தத்தில் 4-2. அந்த ஆட்டத்தில் இந்தோனேசியாவின் பினால்டியைத் தடுத்தவர் 21 வயது கோல் காவலர் கைருல் ஃபாமி. மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை.

3. எண்களைக் கவனியுங்கள்

சஃபி சாலி அடித்த கோல்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நான் பார்க்கச் சொல்வது வாங்கிய கோல்களை. முதல் ஆட்டத்தில் 5. அடுத்து தாய்லாந்திடம் 0, லாவோஸிடம் 1, அரையிறுதியில் நடப்பு வெற்றியாளர் வியட்நாமிடம் இரண்டு ஆட்டத்திலும் 0, இறுதியின் முதல் ஆட்டத்தில் 0. ஒரே ஆட்டத்தில் 5 கோல் வாங்கிய அணி, அடுத்த ஐந்து ஆட்டத்தில் மொத்தம் 1 கோல்தான் விட்டது!

பொறியியல் வகுப்பில் பிழையை முதலில் அளக்கச் சொல்லுவாங்க. எவ்வளவு பிழை, எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தான் திருத்த முடியும். யார் தப்புன்னு கத்திக்கிட்டு இருந்தா அளவு கிடைக்காது. அந்த 5 கோலை அணி பழியாக எடுத்துக்கொண்டிருந்தால் டிசம்பர் 26 வந்திருக்காது.

4. தேரோட்டி

குருக்ஷேத்திரத்தில் கண்ணன் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அவர் கையில் இருந்தது குதிரைகளின் கடிவாளம் மட்டுமே. அர்ஜுனன் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது அவனைத் திட்டி அனுப்பவில்லை. அவனுக்குப் பதிலாகத் தானே போரிடவும் இல்லை. தெளிவு கொடுத்தார், அர்ஜுனனே எழுந்து போரிட்டான்.

ஆட்டக்காரராக இருந்தவர் பயிற்றுநர் ஆவதும் இப்படித்தான். கோட்டுக்கு வெளியே நிற்கணும். பந்தைத் தொடக் கூடாது. நமக்கு அடிக்கத் தெரிந்த கோலை இன்னொருவன் தவறவிடுவதைப் பார்க்கணும், அவனையே மறுபடியும் இறக்கணும். வெற்றி நிச்சயம் என்பதால் செய்யும் வேலை இல்லை இது. 2012-இல் ராஜகோபாலின் அணி அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றது. 2013 வரை அவர் பொறுப்பில் இருந்தார். பலனைப் பிடித்துக்கொள்ளாமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வதை நாம் வகுப்பில் படிக்கிறோம். திடலில் அது இந்த உருவத்தில் நிற்கிறது.

5. கலந்து பேச

- உங்கள் அணி கடைசியாகத் தோற்றபோது முதலில் பேசப்பட்டது ஆளா, பிழையா?
- உங்கள் வட்டாரத்தில் ஆடுவதை நிறுத்திவிட்ட அண்ணன்கள் யார்? அவர்களில் யாரைப் பயிற்றுநராக வரச் சொல்லிக் கேட்கலாம்?
- அர்ஜுனன் போல உட்கார்ந்துவிட்ட தம்பி ஒருவன் உங்கள் இயக்கத்தில் இருக்கிறானா?

இந்த வாரச் செயல்: போன ஆட்டத்துக்குப் பிறகு திடலுக்கு வராத ஒரு தம்பியின் வீட்டுக்குப் போங்கள். அறிவுரை வேண்டாம். "நாளைக்கு அஞ்சு மணிக்கு வா, உன் இடம் அப்படியே இருக்கு"ன்னு சொல்லுங்க. அது போதும்.